சிபாரிசு இல்லாத ரீம்

“நம்பர் வரேக்க கூப்பிடுவன். இருங்கோ.”

எங்கள் தொடர்மாடியில் இருந்த அக்காவை நினைத்தால் முதலில் இந்த வசனம்தான் என் காதில் விழுகிறது. வெள்ளவத்தையில் ஒரு சனலிங் சென்றரில் நம்பர் கூப்பிடுகிற வேலை அவருக்கு. விசேட வைத்தியரைக் காட்ட வருகிறவர்கள் ஆளுக்கொரு நம்பரோடு கதிரைகளில் காத்திருப்பார்கள். வைத்தியர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவார். அதுவரை அந்த வாசலைக் காப்பது அக்காவின் பொறுப்பு. டொக்டரின் சொந்தக்காரர், டொக்டரோடு படித்தவர், டொக்டருக்குக் காணி விற்றவர் என்று எத்தனையோ பேர் பின்பக்கமாக வந்து காதுக்குள் கதைப்பார்கள். எல்லோருக்கும் இதே வசனம்தான். டொக்டரின் மனைவி ஒரு நாள் வந்தபோதும் இதைத்தான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

வேலை முடிந்து வந்தால் அவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, கையில் பிடித்து விளையாடும் சின்னக் கேம் ஒன்று. காலி வீதியில் ஒரு ஃபோன் கடையில் பழையதாக வாங்கியது. அதற்குள் ஓர் உதைபந்து விளையாட்டு மட்டும் இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்ட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருப்பார். கடல் காற்று அந்த இடத்துக்குத்தான் வரும். வயது நாற்பத்தைந்துக்கு மேலே, தனி ஆள், வேலைக்குப் போன சேலையைக்கூட மாற்றாமல் நிமிர்ந்திருந்து உதைபந்து விளையாடுவார். கோல் அடித்தாலும் எழும்பமாட்டார், கோல் வாங்கினாலும் எழும்பமாட்டார். இரண்டு பெருவிரல்கள் மட்டும் பேய் பிடித்த மாதிரி ஓடும்.

கேமில் வந்த வீரர்களின் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையவில்லை. பெயரை மாற்றும் வசதி அதில் இருந்தது. அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு எங்கள் கட்டடத்து வீட்டு நம்பர்களைப் போட்டுவிட்டார். ஆறு மாடி, மாடிக்கு நாலு வீடு. இருபத்துநாலில் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஆக இருபத்துமூன்று வீடு, இருபத்துமூன்று வீரர்கள் கொண்ட ரீம். பதினொரு நம்பர்கள் விளையாடும், ஏழு நம்பர்கள் மாற்று ஆட்களாகக் கரையில் வாங்கில் குந்தியிருக்கும், மிச்சம் ஐந்தும் பட்டியலின் அடியில் கிடக்கும். அடியில் யார் கிடக்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

யார் எங்கே என்று தீர்மானிப்பது கட்டடத்துக்குள் நாங்கள் நடந்துகொள்ளும் விதம். எங்கள் லிஃப்ட் பழங்காலத்து இரும்புக் கேற் போட்ட லிஃப்ட். இறங்குகிறவர் கேற்றை இழுத்து மூடாமல் போனால் அந்த மாடியிலேயே நின்றுவிடும். பிறகு யாராவது மூச்சு வாங்க ஏறிப்போய் மூட வேண்டும். கேற்றைத் திறந்து விட்டுப் போனவர் மூன்று ஆட்டத்துக்கு இல்லை. தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தவர் ஒரு ஆட்டத்துக்கு இல்லை. படியில் இருந்த குப்பைப் பையைச் சொல்லாமல் கொள்ளாமல் கீழே கொண்டுபோனவர் மேலே ஏறுவார். இதெல்லாம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். லிஃப்ட்டுக்கு முன்னால் கதிரை போட்டிருப்பவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் முதலில் சிரித்தேன். பருத்தித்துறையில் இருந்து வேலைக்கு வந்து, தனியாக 3பியில் வாடகைக்கு இருந்தவள் நான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் எப்படியென்று தெரியும்தானே, பாதிப் பேருக்கு ஒரு கால் வெளிநாட்டு விமானத்தில். பக்கத்து வீட்டுக்காரரைப் பழகி என்ன செய்ய என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முதல் எட்டு மாதம் அந்தக் கட்டடத்தில் என்னை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. ஒரு நாள் லிஃப்ட்டுக்குள் எங்கள் கட்டடத்திலேயே இருந்து கீழே கடை நடத்தும் நானா என்னைப் பார்த்து, “நீங்க தானே மகள் மூணு பி? நேத்து வாங்குல ஈந்தீங்க” என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. வாங்கில் இருந்தேனாம்! அன்றைக்கே போய் அக்காவின் கதிரைக்குப் பின்னால் நின்றேன். அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நின்றார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஆசை. பதினொன்றுக்குள் வரவேண்டும். முப்பத்தாறு வயதில் அப்படியொரு ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அலுவலகத்தில் பதவி உயர்வுக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

ஊருக்குப் போய்வந்தபோது ஒரு பார்சல் பருத்தித்துறை வடை கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. “அக்கா, 3பி இப்ப லிஃப்ட் கேற்றை ஒழுங்கா மூடுது, என்ன?” என்று கேட்டுவிட்டேன்.

அக்கா ஒரு வடையைக் கடித்தார். “நல்ல மொறுமொறுப்பு. ஆர் சுட்டது?”

“அம்மா.”

“அம்மாவுக்குச் சொல்லுங்கோ, நல்லாயிருந்ததெண்டு. நீங்கள் அடுத்த ஆட்டம் இல்லை.”

“ஏன் அக்கா?”

“சிபாரிசு. தனக்காக எண்டாலும் சரி, இன்னொராளுக்காக எண்டாலும் சரி, சிபாரிசு கொண்டு வந்தவர் அடுத்த ஆட்டத்தில இல்லை. நானாவையும் போன கிழமை அதுக்குத்தானே வெளியில விட்டனான்.”

உண்மைதான். நானா தன் மைத்துனரின் வீட்டு நம்பருக்காக, “மச்சானையும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கொ” என்று ஒரு வார்த்தை சொல்லப்போய், தானே ஒரு ஆட்டம் வெளியே இருந்தார். அக்கா மிச்ச வடைகளைப் பின்னால் நின்றவர்களுக்கு வரிசையாகக் கொடுத்தார். கதிரைக்குக் கிட்ட நின்றவருக்கு முதலாவது, எனக்குக் கடைசியாவது.

எங்கள் ரீம் அந்த வருடம் ஒரு கிண்ணப் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. காரணம் 4சி. ட்ரவல்ஸ் ஒன்றில் விமான ரிக்கெற் போடுகிற வேலை செய்யும், ஐந்து வார்த்தைக்கு மேல் கதைக்காத ஒரு தம்பி அந்த வீட்டில் இருந்தான். அவனுடைய நம்பர்தான் முன்வரிசையில் நின்று கோல் கோலாக அடித்தது. லிஃப்ட்டுக்குள் அவனைக் கண்டால் ஆறாம் மாடி பிரசிடன்ட் அண்ணை, இளைப்பாறிய எஞ்சினியர், எங்கள் கட்டடக் குழுவின் தலைவர், அவரே கை கொடுப்பார். தம்பிக்கு வெட்கத்தில் காது சிவந்துவிடும்.

இறுதியாட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் அந்த வேலையை நான் செய்தேன். நாலாம் மாடியில் ஒரு வீட்டில் அயன் பெட்டி இரவல் வாங்கப் போனேன். ஒரு மாடிக்கு லிஃப்ட். சோம்பேறித்தனத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். ஃபோனில் கதைத்தபடியே இறங்கினேன், அயன் பெட்டியை வாங்கினேன், படியால் கீழே வந்தேன். கேற்றை மூடினேனா? இல்லை. அரை மணித்தியாலம் லிஃப்ட் நாலாம் மாடியில் தவம் கிடந்தது. அதற்குச் சற்று முன்னால் 4சி தம்பி லிஃப்ட்டில் ஏறிப்போனதை நானா கண்டிருந்தார். அக்கா அப்போது வேலையால் வந்திருக்கவில்லை. வேறு யாரையும் ஒருவரும் காணவில்லை.

“நான் மூடினனான் எண்டுதான் நினைக்கிறன்” என்றான் தம்பி. அவனுக்கு அவன்மேலேயே சந்தேகம். அக்கா அவனை மூன்று ஆட்டத்துக்கு வாங்கில் இருத்தினார். அவனுடைய இடத்துக்கு வரிசைப்படி அடுத்த நம்பர் மேலே ஏறியது.

அடுத்த நம்பர் 3பி.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினொன்றுக்குள் நான்! அதுவும் இறுதியாட்டத்தில்! அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அம்மா ஏதோ சம்பந்தம் பொருந்திவிட்டதாக்கும் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டார்.

பௌர்ணமிப் போயா நாள், எல்லோருக்கும் விடுமுறை. பின்னேரம் நாலு மணிக்கே இரண்டாம் மாடியில் நிற்க இடமில்லை. முன்னால் நிற்பவருக்குத்தான் திரை தெரியும். அவர் பார்த்துப் பின்னால் சொல்ல, அது படிக்கட்டு வழியாக மேலும் கீழும் போகும். “பந்து 5டியிட்ட!” “போச்சு, பறிச்சிட்டான்!” நானா கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து நின்றார். தம்பி கடைசிப் படியில், சுவரோடு சாய்ந்து நின்றான்.

3பிக்கு இரண்டு தரம் பந்து வந்தது. ஒரு தரம் வெளியே போனது. மற்றத் தரம் ஆள் விழுந்தது. எதிர் ரீம் இரண்டு கோல் போட்டுவிட்டது. பின்னால் யாரோ, “4சி இருந்திருந்தா…” என்று இழுத்தார்கள். “உஷ்” என்றான் தம்பி. என் பக்கம் கதைத்தவன் அவன் ஒருவன்தான். அந்த ‘உஷ்’தான் என்னைக் கொன்றது.

இடைவேளை வந்தது. அக்கா விரல்களை உதறிக்கொண்டார். சொன்னால் என் இடம் போய்விடும். இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறது, ஒரு கோல் போட்டாலும் போடுவேன். இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

“அக்கா, அண்டைக்கு லிஃப்ட் கேற்றைத் திறந்து விட்டது நான்.”

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“எப்ப?”

“போன கிழமை. அயன் பெட்டிக்கு மேல போனனான். 4சி இல்லை அக்கா. நான்.”

அக்கா ஏதோ பட்டனை அழுத்தினார். திரையில் 3பி வெளியே நடந்தது, 4சி உள்ளே ஓடியது. “தம்பி,” என்றார் அக்கா, “பிழையா இருத்திப்போட்டன். குறை நினையாதை.” அவ்வளவுதான். விசில் ஊதிவிட்டது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! 4சி இறங்கி ஐந்தாவது நிமிடம் ஒரு கோல். படிக்கட்டு குலுங்கியது. பிரசிடன்ட் அண்ணை தன் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவரில் குத்தினார். எழுபதாவது நிமிடம் இன்னொரு கோல். நானா, “யா அல்லாஹ்!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசி நிமிடத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை 4சி தலையால் முட்ட, அது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. எங்களுக்கு மூன்று, அவர்களுக்கு இரண்டு. நான் கத்திய கத்தில் இரண்டு நாள் எனக்குத் தொண்டை அடைத்திருந்தது. என் இடம் போனது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. தம்பியைக் கட்டிப்பிடித்தேன். அவனுக்குக் காது மட்டுமில்லை, கழுத்துவரை சிவந்துவிட்டது.

அக்கா எழும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா பட்டியலைத் திறந்து 3பியைக் கீழே கொண்டுபோனார். வாங்குக்கும் கீழே, அந்த ஐந்து பேருக்குள். பிழையை ஒளித்தவருக்கு வாங்குகூட இல்லையாம். அப்போதுதான் அந்தப் பட்டியலின் அடியை முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கீழே ஒரே ஒரு நம்பர் இருந்தது, 2ஏ.

2ஏ அக்காவின் வீடு.

ஒன்றரை வருடமாக அந்த ரீமைப் பார்த்தவர்கள் நாங்கள். அக்காவின் நம்பர் எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“நீங்கள் என்ன அக்கா செய்தனீங்கள்?”

“சென்றரில ஒரு நாள்,” என்றார் அக்கா, கேமைப் பார்த்தபடியே. “தெரிஞ்ச ஆளொண்டு கெஞ்சிக் கேட்டுது. இன்னொராளின்ர நம்பரில உள்ள விட்டுட்டன். அண்டைக்கு டொக்டர் வேளைக்கே எழும்பிப் போயிட்டார். அந்த நம்பருக்குரிய பிள்ளைத்தாய்ச்சி கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவ. காட்டாமலே திரும்பிப் போனா.”

“ஐயோ. அவவுக்கு ஏதும்…?”

“ஒண்டுமில்லை. பிள்ளையும் சுகமாப் பிறந்தது. விசாரிச்சனான்.” கேமை அணைத்து மடியில் வைத்தார். “அது வேற கதை. நம்பர் அவவின்ரதானே.”

“அது நடந்து எவ்வளவு காலம்?”

“ஆறு வருஷம்.”

“ஆறு வருஷமா இன்னும் உங்களுக்கு நம்பர் வரேல்லையா?”

“வரேக்க வரும்” என்றார் அக்கா.

எனக்கு அன்றைக்கு அக்காமேல் பொல்லாத கோபம் வந்தது. இவ்வளவு நேர்மை ஒரு மனிசிக்கு எதற்கு? அன்றிரவே நான் பிரசிடன்ட் அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நானாவுக்குச் சொன்னார். இரண்டு நாளில் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்வது? அக்காவிடம் போய்க் கேட்டால் அது சிபாரிசு.

அடுத்த மாதம் இன்னொரு செய்தி வந்தது. சனலிங் சென்றர் கொட்டாஞ்சேனைக்கு மாறுகிறதாம், அக்காவும் அந்தப் பக்கமே வீடு பார்த்துவிட்டாராம். மாத முடிவில் போகிறார். பிரசிடன்ட் அண்ணை நானாவின் கடைக்குள் அவசரக் கூட்டம் கூட்டினார். மா மூட்டைகளுக்கும் சோடாப் பெட்டிகளுக்கும் நடுவில் பதினைந்து பேர் நின்றோம்.

“சிபாரிசு செய்தா என்ன நடக்கும்?” என்று கேட்டார் அண்ணை.

“செஞ்சவன் வெளிய,” என்றார் நானா.

“அதுதான். ரீமில இருபத்துமூண்டு பேர். பன்னிரண்டு பேர் கையெழுத்து வைச்சா பன்னிரண்டு பேரும் வெளிய. மிச்சம் எத்தினை?”

நான்தான் முதலில் கணக்கைப் பிடித்தேன். “பதினொண்டு!” என்று கத்திவிட்டேன். பதினொன்று. ஒருவரும் மிச்சமில்லை. 2ஏ இறங்காமல் ஆட்டமே தொடங்க முடியாது. நானா கடுதாசியை எடுத்து முதலாவதாகக் கையெழுத்து வைத்தார். 4சி தம்பி இரண்டாவது. எனக்குப் பேனை வரும்போது அண்ணை பறித்துவிட்டார். “நீர் வேண்டாம் பிள்ளை. பன்னிரண்டு சரி.”

கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தார்கள். ‘2ஏயை மேலே எடுக்கும்படி கீழே கையொப்பமிட்டோர் தயவாய்ச் சிபாரிசு செய்கிறோம்.’ அக்கா வாசித்தார். கையெழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு பட்டியலைத் திறந்து எண்ணினார். பிறகு நிமிர்ந்து பிரசிடன்ட் அண்ணையைப் பார்த்தார்.

“இது கள்ள வேலை, அண்ணை.”

“சட்டம் உங்கட சட்டம்தானே, தங்கச்சி” என்றார் அண்ணை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்ததா, கண் கலங்கியதா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சட்டத்தை அவர் மீறவில்லை. பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக வெளியே போட்டார். 4சியும் போயிற்று, நானாவும் போனார். கடைசியாக 2ஏ மேலே வந்து முன்வரிசையில் நின்றது. பக்கத்தில் 3பி.

என்ன ஆட்டம் அது! கோல் காக்க நின்றது தன் வாழ்நாளில் கோல் காக்காத ஒரு நம்பர். எங்கள் கம்பத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோல் விழுந்துகொண்டே இருந்தது. ஒருவரும் கவலைப்படவில்லை. “2ஏக்குக் குடுங்கோ! 2ஏக்குக் குடுங்கோ!” என்று வெளியே போடப்பட்ட பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். அக்கா 2ஏயின் பக்கம் பந்தைக் கொடுக்கவேயில்லை.

“கத்தாதேங்கோ. பந்து வரேக்க வரும்.”

எண்பது நிமிடம் வரைக்கும் வரவில்லை. பிறகு எப்படியோ வலது பக்கத்தில் 3பிக்குப் பந்து கிடைத்தது. 3பி ஓடியது, நான் மூச்சுவிடாமல் நின்றேன், இந்தத் தரம் ஆள் விழவில்லை. பந்து உயர்ந்து நடுவுக்குப் போனது. அங்கே தனியாக நின்றது 2ஏ.

அக்கா கதிரையை விட்டு எழும்பினார்.

நாங்கள் ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். நானா கடைக்கு ஓடிப்போய் ஐஸ்கிரீம் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா அதை வாங்கி, எங்களை வரிசையில் நிற்கச் சொன்னார்.